இருட்டாத ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை

நம் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. விளக்கு வைப்பதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இது நானும் உங்கள் அம்மாவும் உட்கார்ந்து பேசிப் போட்ட சட்டம் இல்லை. அவர் பிறந்த வீட்டிலும் இருந்தது, என் வீட்டிலும் இருந்தது. கல்யாணம் ஆனபோது சட்டி பானையோடு அதுவும் கூடவே வந்துவிட்டது.

மலேசியாவில், அதுவும் நம் ஜொகூரில், இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவது சுலபம். நம் கூலாயில் வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். ஆனி, மார்கழி என்ற வித்தியாசமே கிடையாது. பக்கத்துத் தாமான் குடியிருப்பின் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் குரலும், அம்மா தீக்குச்சி உரசும் சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும். உங்கள் அக்கா எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்துக்குச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டிருப்பாள்.

அவள் மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போவதென்று முடிவானபோது, அந்த ஊரில் நம் சட்டம் செல்லாது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள். நான் எழுதப்போகிற அந்த விடியற்காலையிலோ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், டீச்சரிடம் காட்ட வேண்டாம்.

அக்கா போன ஊரின் பெயர் சென்ட் பீட்டர்ஸ்பர்க். ரஷ்யா என்றால் எனக்கு மாஸ்கோ ஒன்றுதான் தெரியும். போன புதிதில் ஒரு நாள் ஃபோனில் அதைச் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருநூறு வருஷம் இதுதான்ப்பா தலைநகரம். அரசருங்க எல்லாம் இங்கதான் இருந்தாங்க."

"அப்புறம் ஏன் மாத்துனாங்க?"

"புரட்சி வந்துச்சு. அரசர் போயிட்டாரு. தலைநகரமும் மாஸ்கோவுக்குப் போயிருச்சு."

"அப்ப இந்த ஊரு இப்ப என்னா?"

கொஞ்சம் யோசித்தாள். "இப்ப ஒண்ணும் இல்லப்பா. அழகா இருக்கு. அவ்ளோதான்."

அந்தப் பதில் எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அந்த ஊரைப் பற்றி அவளிடம் கேட்க ஆரம்பித்தேன். மகள் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன். போகப் போக ஊரின் மேலேயே ஆசை வந்துவிட்டது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு செனாயில் இருக்கிற ஃபேக்டரிக்குப் போவது, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். நமக்கு ஐந்து என்றால் அக்கா ஊரில் நடுப்பகல் பன்னிரண்டு. அங்கே ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. தினமும் பன்னிரண்டு மணிக்கு அதிலிருந்து பீரங்கி வெடிக்கும். முதல் தடவை ஃபோனில் அந்தச் சத்தம் கேட்டபோது நான் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

"பயப்படாதீங்கப்பா, மணி காட்டுறதுக்குத்தான் சுடுறாங்க."

"ஏன், அந்த ஊர்ல யாருகிட்டயும் கடிகாரம் இல்லையா?"

"அந்தக் காலத்துப் பழக்கம்ப்பா. விடலை."

விடாத பழக்கம் என்றால் எனக்குப் பிடிக்கும். அதற்குப் பிறகு ஐந்து மணி ஆனாலே என் காது எதையோ எதிர்பார்க்கும். ஃபேக்டரி சங்கு ஊதும், ஆட்கள் வருவார்கள், நானும் கதவைத் திறப்பேன்.

அந்த ஊர் சதுப்பு நிலத்தில் கட்டியது. கடலைப் பார்த்தபடி தனக்கொரு நகரம் வேண்டும் என்று ஓர் அரசர் ஆசைப்பட்டார். நிலம் சேறு. கட்டக் கல் கிடையாது. அதனால் ஊருக்குள் வருகிற வண்டியும் படகும் ஆளுக்குக் கொஞ்சம் கல் கொண்டுவந்து போட வேண்டும் என்று கட்டளை போட்டாராம். எங்கெங்கோ இருந்து குடியானவர்களைப் பிடித்துவந்து, சேற்றில் நிறுத்தி வேலை வாங்கினார்கள். நிறையப் பேர் செத்துப் போனார்கள். இதை அக்கா சொன்னபோது நான் ரப்பர் காட்டையும், அட்டைக்கடியையும், மலேரியாவையும் நினைத்துக்கொண்டேன். நம் ஆட்கள் நின்ற சேறும் அப்படிப்பட்டதுதான். என்ன, அங்கே கடைசியில் அரண்மனை எழும்பியது.

அந்த ஆறும் சொன்னபடி கேட்காத ஆறு. கடலிலிருந்து காற்று பலமாக அடித்தால் தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறிவிடும். எந்த வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவர்களில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அக்கா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினாள். அவள் தலைக்கு மேலே இருந்தது கோடு. கோத்தா திங்கியில் உங்கள் மாமா வீட்டு அடுப்படிச் சுவரில் பென்சிலில் போட்டிருக்கிறாரே, அதே மாதிரி. மாமாவிடம் படத்தைக் காட்டினேன்.

"அரசரு கட்டுன ஊருக்கும் அதே கதிதானா?" என்று கேட்டுவிட்டு, "அப்ப நான் கவலைப்படல மச்சான்" என்றார்.

நமக்குப் பிடித்த கதை பாலங்கள் கதைதான். கோடைக்காலத்தில் ராத்திரியில் கப்பல் போவதற்காகப் பாலங்களை நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் தூக்கிவிடுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் விடியும்வரை அங்கேதான். உங்கள் அம்மா கவலைப்பட்டார். நான், "நம்ம சிங்கப்பூர் பாலத்து ஜாம்ல, தூக்காமலேயே விடியற வரைக்கும் நிக்கலாம்" என்றேன். அக்கா அங்கே தன் தோழிகளுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாளாம். பாப்பா, உனக்கு மட்டும் அரண்மனைப் பூனைகள்தான். அரசர் அரண்மனையின் கீழ்த்தளத்தில் எலி பிடிப்பதற்காகப் பூனைகளை வளர்த்தார்கள், அரசர் போய் இத்தனை காலம் ஆகியும் பூனைகள் போகவில்லை என்று அக்கா சொன்ன நாளிலிருந்து, உன் பென்சில் பெட்டி முழுக்கப் பூனை.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா புறப்படும்போது உங்கள் அம்மா ஒரு சின்ன பித்தளை விளக்கைத் துணியில் சுற்றி அவள் பெட்டியில் வைத்தார். ஆனால் மாணவர் விடுதியில் நெருப்பு கொளுத்தக் கூடாது. எண்ணெயும் திரியும் இல்லாமல் ஜன்னல் ஓரத்தில் விளக்கு சும்மா நின்றது. அம்மா தினமும் கேட்பார், "விளக்கு வச்சியா?" அக்கா, "வச்சுருக்கேன்மா" என்பாள். அது பொய்யில்லை. ஜன்னலில் வைத்துத்தான் இருந்தாள்.

விடுதி வாசலில் உட்கார்ந்து சாவி கொடுக்கும் அம்மாள் ஒருத்தர். சிரிக்கவே மாட்டார் என்று அக்கா சொல்வாள். ஒரு நாள் அறையைப் பார்வையிட வந்தவர் அந்த விளக்கைக் கையில் எடுத்தார். போச்சு, பிடுங்கப் போகிறார் என்று அக்கா பயந்துவிட்டாள். அவரோ திரி வைக்கும் மூக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தன் அம்மாவிடமும் இப்படி ஒன்று இருந்தது, தகர டப்பாவில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டது என்றாராம். உலக யுத்தத்தில் எதிரிப் படை அந்த ஊரை இரண்டு வருஷத்துக்கு மேல் சுற்றி வளைத்திருந்தது. கரண்ட் கிடையாது, ரொட்டி கிடையாது, குளிரில் பனி உறைந்து கிடக்கிறது. அந்தத் தகர விளக்கைச் சுற்றித்தான் அவருடைய அம்மா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முற்றுகை நீங்கிய நாளை ஊரே இன்னும் நினைவு வைத்திருக்கிறது. ஜனவரியில் அந்த நாள் வந்தால் ஜன்னல்களில் மெழுகுவத்தி வைப்பார்கள். ஆற்றங்கரையில் இரண்டு பெரிய சிவப்புத் தூண்கள் உண்டு, முன்பு கப்பலுக்கு வழி காட்டியவை. அன்றைக்கு அவற்றின் உச்சியில் தீ எரியும்.

அந்த ஜனவரியில் அந்த அம்மாளே ஒரு கரண்டி எண்ணெயோடு மேலே வந்தார். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் நம் விளக்கு அங்கே எரிந்தது. அவர் பக்கத்திலேயே நின்று பார்த்து, பிறகு தானே ஊதி அணைத்துவிட்டுப் போனார்.

"ஊதியா அணைச்சாங்க?" என்று உங்கள் அம்மா முகம் சுளித்தார்.

"விடும்மா. அவங்களுக்கு என்னா தெரியும்" என்றாள் அக்கா ஃபோனில்.

"சரி விடு. ஏத்துனது அவங்கதான."

இப்படியே வருஷங்கள் போயின. கடைசி வருஷம் அக்கா விடுதியை விட்டு, கால்வாய் ஓரத்தில் ஓர் அறைக்கு மாறினாள். படிப்பு முடிகிற நேரத்தில் ஒரு செய்தி சொன்னாள். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் இருதய நோய்க்கு மேற்கொண்டு இரண்டு வருஷம் பயிற்சி எடுக்க இடம் கிடைத்திருக்கிறது. பட்டம் வாங்கிய அடுத்த வாரம் சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

நான் அந்த வருஷம்தான் அவள் அறைக்குப் புதுச் சாயம் அடித்திருந்தேன். ஜொகூர் பாருவில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பாடு என்று மனதுக்குள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து முடித்திருந்தேன். இரண்டு வருஷம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறு வருஷமும் அப்படித்தான் "ஆறு வருஷம்தான்" என்று போனது. இரண்டு முடிந்தால் அங்கேயே ஒரு வேலை வரும், அப்புறம் ஒரு வாழ்க்கை வரும். எனக்கு அந்த ஊரைப் பிடித்திருந்தது. அதனால்தான் பயமும் அதிகமாக இருந்தது. பிடிக்காத ஊர் என்றால் மகள் திரும்பி வருவாள் என்று தைரியமாக இருக்கலாம்.

பட்டமளிப்புக்கு நானும் அம்மாவும் போவதாக இருந்தது. எனக்குப் பதிலாகப் பஸ் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை, உங்களையும் யாராவது பார்க்க வேண்டும். கடைசியில் அம்மா மட்டும், அதே படிப்புப் படித்த வேறு பிள்ளைகளின் பெற்றோரோடு கிளம்பினார். விமான நிலையத்தில் நான் சொன்னது ஒன்றுதான்.

"கையோட கூட்டிக்கிட்டு வந்துடு."

"அது என்ன ஆட்டுக்குட்டியாங்க, கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வர?" என்றார். ஆனால் தலையை ஆட்டினார்.

பட்டமளிப்பு நன்றாக நடந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர். காலையில் குளித்து ஒரு டம்ளர் பால். அப்புறம் பொழுது சாய்ந்து விளக்கு வைத்துக் கும்பிட்ட பிறகுதான் சோறு. கூலாயில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை.

சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணி இருக்கும். எழுந்து வெளியே பஸ்ஸின் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் நல்ல இருட்டு. ஃபோன் அடித்தது. திரையில் அம்மாவின் முகம், அவர் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலில் வெள்ளை வானம். நம் ஊரில் மழை விட்ட பிறகு வருமே ஒரு வெளிச்சம், அது போல.

"என்னங்க, எழுந்தாச்சா?"

"வண்டி எடுக்கப் போறேன். சாப்பிட்டியா?"

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "எங்க சாப்பிட்டாங்கப்பா. காலையில குடிச்ச பாலோட உக்காந்திருக்காங்க. இங்க மணி ராத்திரி பதினொண்ணரை. நீங்களாச்சும் சொல்லுங்க."

"இருட்டட்டும்னு பாக்குறேன்" என்றார் அம்மா.

"இருட்டாதும்மா. இங்க ஜூன் மாசம் இப்படித்தான். எத்தனை தடவ சொல்றது."

"அது எப்படி இருட்டாம இருக்கும்? சூரியன் ஆத்துக்கு அந்தப் பக்கம் இறங்குனதை நான்தான பாத்தேன்."

"சூரியன் போயிடும். வெளிச்சம் போகாது."

"ஆளு போயி நெழலு மட்டும் உக்காந்திருக்குமா? நல்ல ஊருடி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முன்னால் தரையில் அந்தப் பித்தளை விளக்கு இருந்தது. எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, குங்குமம் வைத்து எல்லாம் தயாராக இருந்தது. பக்கத்தில் தட்டால் மூடிய சோறு. அக்கா சமைத்தது.

"அங்க ஏழு மணி ஆனப்பவே வச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"வெட்ட வெயில்லயா? இருட்டுக்குத்தாங்க விளக்கு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "விளக்கு வச்சிட்டு, சாமி கும்பிட்டு, அப்புறம் இவகிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

நம் வீட்டில் முக்கியமான பேச்சு எதுவும் விளக்கு வைத்த பிறகுதான். உங்களுக்கே தெரியும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, உங்கள் அம்மா இருட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அது வராமலே இருந்தால் தேவலை என்றுதான் உட்கார்ந்திருக்கிறார். இருட்டினால் கேட்க வேண்டும். கேட்டால் அக்கா ஏதாவது ஒன்று சொல்வாள்.

அவர் முகத்தில் பசி தெரிந்தது. ஊர் விட்டு ஊர் போய், ஒரு நாள் முழுக்க ஒரு டம்ளர் பாலில் இருக்கிறார்.

ஃபோனைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் வந்தேன். லைட்டைப் போடவில்லை. சாமி அறையில் முதல் நாள் சாயங்காலம் ஏற்றிய விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டி, ஏற்றினேன். ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் தீப்பெட்டி. முதல் குச்சி அணைந்தது. அடுத்ததில் பற்றிக்கொண்டது.

"இந்தா பாரு. இங்க நல்ல இருட்டு. நம்ம வீட்டு விளக்கு வச்சாச்சு. கும்பிட்டுட்டுச் சாப்பிடு."

அம்மா திரைக்குள் தெரிந்த சுடரைப் பார்த்துக் கை குவித்தார். அக்காவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கும்பிட்டாள். பிறகு அம்மா அங்கே அந்த வெளிச்சத்திலேயே தன் விளக்கை ஏற்றினார். பகல் மாதிரி வானத்துக்கு முன்னால் அந்தச் சுடர் இருப்பதே தெரியவில்லை. தட்டைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா ஃபோனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"அம்மா என்னா கேக்க இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா."

"என்ன சொல்லப் போற?"

"நீங்க வான்னா வந்துடுவேன்."

அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும்.

"ஊரைக் காட்டு" என்றேன்.

ஃபோனைத் திருப்பினாள். கீழே கால்வாய், தண்ணீர் வானத்தின் நிறத்திலேயே கிடந்தது. கல் பதித்த கரை. ஆட்கள் கொண்டுவந்து போட்ட கற்களில் ஒன்றிரண்டு அதிலும் இருக்கும். மஞ்சள் சாயம் அடித்த வீடுகள், ஒரு சின்னப் பாலம், பாலத்தில் கைப்பிடித்து நடந்துபோகும் இரண்டு பேர். நள்ளிரவு நெருங்குகிறது, யாரும் வீட்டுக்கு ஓடவில்லை. யாருக்கும் அவசரமில்லை. நான் இருட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக அவள் வாயால் கேட்ட ஊர். அவள் ஃபோனைப் பிடித்திருந்த விதத்திலிருந்தே அவள் மனசு தெரிந்துவிட்டது. கை ஆடவே இல்லை. எனக்கு முழுசாகக் காட்டிவிட வேண்டும் என்று மெதுவாகத் திருப்பினாள்.

"இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடும்மா" என்றேன்.

ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்கதான் இருட்டாதேப்பா."

"அதான் சொல்றேன்."

அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பிறகு ஃபோன் கீழே சாய்ந்து மேல்கூரை மட்டும் தெரிந்தது. "என்னடி, அப்பா என்னா சொன்னாரு?" என்று அம்மா கேட்பது கேட்டது. நான் வைத்துவிட்டேன்.

அன்றைக்குப் பஸ் தாமதம். முதல் நிறுத்தத்தில் ஏறிய மலாய்க்காரப் பெண், "அங்கிள், லேட் லா" என்றாள். "சாரி லா, வீட்டுல சாமி கும்பிட்டேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தூங்கிப் போனாள்.

அம்மா தனியாகத் திரும்பி வந்தார். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும், "கயிறு பத்தலைங்க" என்றார். வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். செம்பனைத் தோட்டங்களுக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. "இங்க எவ்வளவு சீக்கிரம் இருட்டிடுது பாருங்க" என்றார். மணி ஏழு. எப்போதும் போலத்தான்.

நான் அன்றைக்கு அவ்வளவு தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அந்த ஊர் எப்போதும் இருட்டாமல் இருப்பதில்லை. ஆகஸ்டு வந்தால் இருட்டு திரும்பி வந்துவிடும். டிசம்பரில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அப்போது நமக்கு ஒன்பது மணி. இப்போது அந்த மாதம்தான் நடக்கிறது. அக்கா அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை, ஆஸ்பத்திரியில் யாரோ பெற்ற பிள்ளையின் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சட்டப்படி பார்த்தால் தினமும் தாமதம்.

அந்த ஊரின் பெயரை யுத்தம் வந்தபோது மாற்றினார்கள், புரட்சிக்குப் பிறகு மறுபடி மாற்றினார்கள். ரொம்ப காலம் கழித்துப் பழைய பெயரே திரும்பி வந்தது. தலைநகரம் மட்டும் திரும்பவில்லை. எது திரும்பி வரும், எது வராது என்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்.

அக்காவின் அறை அப்படியே இருக்கிறது. தம்பி, அங்கே உன் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தாதே, சுவரில் கோடு விழுகிறது. நான் அந்த ஊரை இன்னும் பார்க்கவில்லை. ஒரு ஜூன் மாதம் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். ஆற்றங்கரையில் நின்று, அந்தப் பீரங்கிச் சத்தத்தை நேரில் கேட்டுத் திடுக்கிட வேண்டும்.

நான் ஏன் பஸ் எடுப்பதற்கு முன்னால் சாமி விளக்கை ஏற்றிவிட்டுப் போகிறேன் என்று ஒரு நாள் கேட்டீர்கள். அம்மா எழுந்து ஏற்றமாட்டாரா என்றும் கேட்டீர்கள். ஏற்றுவார். ஆனால் நமக்கு விடியற்காலை நாலரை ஆகும்போதுதான் அங்கே ராத்திரியில் அவள் அறைக்கு வந்து சேர்ந்திருப்பாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பாள்.